ஒரே இருக்கைப் பட்டியல்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

ரயில் நிலையத்தில் ஒரு கவுண்டரில் டிக்கெட் எடுக்கிறோம். பக்கத்துக் கவுண்டரில் ரத்து செய்கிறோம். இதை ஜாவா மொழியில் நிரலாக எழுதச் சொன்னால், மாணவர்கள் முன்பதிவுக்கு ஒரு கிளாஸ், அதாவது நிரலில் ஒரு வேலைக்கான வரைபடம், ரத்துக்கு ஒரு கிளாஸ் என்று சரியாகவே பிரித்துவிடுகிறார்கள். பிறகு இரண்டுக்குள்ளும் 'நியூ' என்ற கட்டளையைப் போட்டு இருக்கைப் பட்டியலை உருவாக்குகிறார்கள். கோளாறு அங்கேதான். 'நியூ' போடும்போதெல்லாம் புதிய ஆப்ஜெக்ட், அதாவது வரைபடத்தின்படி ஒரு தனிப் பொருள், பிறக்கிறது. பெயர் ஒன்று, பட்டியல் இரண்டு. ரத்தான 23ஆம் எண் இருக்கை, முன்பதிவுக் கவுண்டரில் கடைசிவரை நிரம்பியதாகவே தெரியும்.

பட்டியலை வெளியே ஒரே ஒரு முறை உருவாக்குங்கள். இரண்டு கிளாஸ்களுக்கும் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது இயங்கும் பகுதி, வழியாக அதையே கொடுங்கள். அப்போது பட்டியல் நகலாவதில்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிதான் நகலாகிறது. மறுபடியும் சொல்கிறேன்: சுட்டி இரண்டு, பட்டியல் ஒன்று. நார்வேயில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே இந்தச் சுட்டி உண்டு.

ஆனால் எதைப் பகிர்கிறோம் என்று பார்க்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஜாவாவின் பழைய 'டேட்' கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 14ஆம் தேதி இரவு சென்னையில் புறப்பட்டு மறுநாள் காலை நெல்லை போகும் பயணி. டிக்கெட்டில் உள்ள தேதி ஆப்ஜெக்ட்டை அட்டவணைக்கான கிளாஸுக்குக் கொடுக்கிறோம். அந்தக் கிளாஸ், பயணி வந்துசேரும் நாளைக் கணக்கிட, அதே ஆப்ஜெக்ட்டில் ஒரு நாளைக் கூட்டிவிடுகிறது. டிக்கெட்டிலும் பயண நாள் 15 ஆகிவிடும்! பிழைச் செய்தி எதுவும் வராது. பயணிதான் ரயிலைத் தவறவிடுவார். 2014இல் ஜாவா 8 கொண்டுவந்த 'லோக்கல்டேட்' அப்படியல்ல. நாளைக் கூட்டினால் புதிய ஆப்ஜெக்ட் கிடைக்கும். பழையது அப்படியே இருக்கும். எத்தனை கிளாஸ்களுக்கு வேண்டுமானாலும் அச்சமின்றிக் கொடுக்கலாம். இருக்கைப் பட்டியல் மாறித்தான் ஆக வேண்டும். தேதி மாறவே கூடாது. இதை முதலில் தீர்மானித்துவிட்டுப் பகிருங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. பட்டியலை 'ஸ்டாட்டிக்' ஆக்கி, அதாவது தனி ஆப்ஜெக்ட்டுக்கு இல்லாமல் கிளாஸுக்கே உரியதாக்கி, பொதுவில் வைத்துவிடலாமே என்பார்கள். வேண்டாம், யார் மாற்றியது என்று தேட, நிரல் முழுவதையும் அலச நேரிடும். கடைசி இருக்கையை இரண்டு கவுண்டர்கள் ஒரே நொடியில் கேட்டால்? அதற்கு, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான 'சிங்க்ரனைஸ்டு' உண்டு. மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: இருக்கை காலியா என்று பார்ப்பதும் பெயரை எழுதுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும். நன்றி, வணக்கம்.