சீனியர் எழுதியதை அழிக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில் சிலவற்றிலாவது நர்சிங்கோ பார்மசியோ பிசியோதெரபியோ படிக்கிற பிள்ளை இருக்கும். பெங்களூரில் அந்தக் கல்லூரிகளுக்கா பஞ்சம்! அந்தப் பிள்ளையின் போனை ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள், கொடுத்தால். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்கள் குவிந்து கிடக்கும். என்றோ ஒரு சீனியர் கைப்பட எழுதிய நோட்ஸ்; அதை யாரோ போட்டோ எடுக்க, இன்னொருவர் ஸ்கேன் செய்ய, பேட்ச் பேட்சாக இறங்கி வந்திருக்கும். அதில் ஒரு மருந்தளவு தப்பாக இருந்தால் அந்தத் தப்பும் கூடவே வரும். ஒருத்திக்கு அது தப்பென்று தெரிந்தாலும் தன் நோட்டில் திருத்திக்கொள்வாளே தவிர, மற்றவர்களுக்கு அது போய்ச் சேராது.

நான் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். மாணவர்களை விக்கியில் எழுத வைத்துப் பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். விக்கி என்றதும் விக்கிப்பீடியா நினைவுக்கு வரும். அது 2001இல் வந்தது. பலரும் ஒரே பக்கத்தைத் திறந்து திருத்தலாம் என்ற ஏற்பாட்டை வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995லேயே செய்துவிட்டார். தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே 'தொகு', 'வரலாற்றைக் காட்டவும்', 'உரையாடல்' என்று இருக்கும். படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அவற்றைத் தொட்டிருக்க மாட்டார்கள். எனக்கு வேண்டியதோ அந்த மூன்றும்தான். கட்டுரை அப்புறம்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. பல கல்லூரிகள் பாடக் குறிப்பு போடவும் அசைன்மென்ட் வாங்கவும் வைத்திருக்கும் மூடுல் என்ற இலவச மென்பொருளிலேயே விக்கி வசதி உண்டு. கல்லூரிக் கணக்கு உள்ளவர்கள் மட்டும் உள்ளே வரலாம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ், அதாவது மருத்துவத் தகவல்களைக் கம்ப்யூட்டரில் கையாளும் படிப்பு, தனிப்பாடமாகவே வந்துவிட்டது. ஆகவே, கம்ப்யூட்டருக்கும் நர்சிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று இனி நிர்வாகமும் கேட்க முடியாது.

கருவி கிடைத்துவிடும். கை வருவதுதான் பாடு. முதல் வாரங்களில் பிள்ளைகள் ஆளுக்கொரு பத்தி எழுதிக் கீழே கீழே ஒட்டிவிட்டுப் போவார்கள். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி தொட மாட்டாள். கேட்டால், "மேடம், அது சீனியர் அக்கா எழுதினது, நான் எப்படி அழிக்கிறது?" என்பார்கள். கேரளத்துப் பிள்ளைகளுக்குச் சேச்சி, நமக்கு அக்கா. மணிப்பூரிலிருந்து வந்த பிள்ளைக்கும் இதே தயக்கம்தான். நாகரிகமான தயக்கம் என்று சிலர் சொல்வார்கள். வார்டில் இது ஆபத்து. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் அளவு சரியாகப் படவில்லை என்றால், இரவு டூட்டியில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். வகுப்பில் தோழி எழுதியதைத் திருத்தவே கூசுகிற பிள்ளை அங்கே எப்படிக் கேட்கும்?

இன்சுலின் பற்றிய பக்கத்தைச் சொல்கிறேன். ஒரு மாணவி வெளிநாட்டுப் பாடநூலைப் பார்த்து, இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்று எழுதியிருந்தாள். அந்த ஊருக்கு அது சரி. நம் நாட்டு மருந்துக்கடைகளில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள புட்டியும் பரவலாகக் கிடைக்கும், 100 யூனிட் உள்ளதும் கிடைக்கும். ஊசியும் இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. வகுப்பில் இன்னொரு பெண்ணின் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை. தினமும் சிவப்பு மூடியைப் பார்க்கிறவள். அவள் அந்த வரியை நேரே திருத்தவில்லை, உரையாடல் பக்கத்துக்குப் போய், "எங்கள் வீட்டில் இருப்பது 40. இது எல்லாவற்றுக்கும் பொருந்துமா?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

அங்கிருந்து பிடித்துக்கொண்டது. எழுதியவள் புத்தகத்தின் பக்க எண்ணைப் போட்டாள். இவள் புட்டியின் லேபிளைப் படம் எடுத்துப் போட்டாள். மூன்றாவதாக ஒரு பையன் வந்து கணக்குப் போட்டான். 20 யூனிட் போட வேண்டிய நோயாளிக்கு 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது அரை மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை சரசரவென்று இறங்கி, ஆள் நினைவு தப்பிவிடலாம். மாற்றிப் பிடித்தால், 40 யூனிட் புட்டிக்கு ஆரஞ்சு மூடி ஊசி, அதே 20 கோடு, போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று வீட்டில் எல்லோரும் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் போட்டிருந்தால் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள். தாங்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்ததால் அந்த வகுப்பில் யாரும் இனி மூடியின் நிறத்தைப் பார்க்காமல் ஊசியை எடுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அதே பக்கத்தில் இன்னொரு திருத்தம் நடந்திருந்தது. யாரோ '10' என்று எழுதி, யூனிட் என்பதற்கு ஆங்கில 'யு' எழுத்தை ஒட்டிப் போட்டிருந்தார்கள். கையெழுத்தில் அது 100 போலத் தெரியும் என்பது உலகமெங்கும் தெரிந்த அபாயம். அதனால் அந்தச் சொல்லை முழுதாக எழுத வேண்டும் என்பது விதி. ஒரு மாணவி அதை விரித்து எழுதிவிட்டு, காரணத்தையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தாள். மொத்தத்தில் நாலைந்து எழுத்து. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த திருத்தம் அதுதான் என்பது என் கணிப்பு.

இங்கேதான் மதிப்பெண் சிக்கல் வருகிறது. விக்கியின் வரலாற்றுப் பக்கம் யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார்கள் என்று காட்டிவிடும். குழு வேலையில் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு மேல் திடீரென்று ஊற்றெடுக்கும் உற்சாகமும் தெரிந்துவிடும். ஆனால் எண்ணிக்கையை வைத்து மார்க் போட்டால் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஒரு கால்புள்ளி, சேமி. இன்னொரு கால்புள்ளி, சேமி. ஆகவே தாங்கள் செய்த திருத்தங்களில் எது முக்கியம் என்று அவர்களே ஒன்றிரண்டைக் காட்டி, ஏன் செய்தோம் என்று சொல்ல வேண்டும். ஆசிரியருக்கு வேலை கூடும். நாற்பது விடைத்தாள் திருத்துவதைவிடக் கூடுதல் நேரம்தான், மறைக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 2013இல் தொடங்கி, இறுதியாண்டு மாணவர்கள் விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளைத் திருத்துவதையே ஒரு விருப்பப் பாடமாக வைத்தார்கள். முதல் சில சுற்றுகளில் 43 பேர் 1,528 திருத்தங்கள் செய்ததாக அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. இருந்தாலும் நம் இரண்டாமாண்டுப் பிள்ளைகளை நேரே அங்கே இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தை நோயாளியும் படிப்பார். முதலில் நாலு சுவருக்குள் பழகட்டும்.

நாலு சுவருக்குள் என்றாலும் ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். வார்டு போஸ்டிங் முடிந்து வந்த சூட்டில் பிள்ளைகள் நோயாளியைப் பற்றி எழுதிவிடுவார்கள். பெயர் போடக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் 'கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர், நுரையீரலில் தூசி நோய், மனைவியும் இதே ஆஸ்பத்திரியில் வேலை' என்று எழுதினால் பெயர் எதற்கு? தங்கவயல்காரர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். படிக்கிற பிள்ளைகளில் ஒன்றுக்கு அவர் பக்கத்து வீட்டுத் தாத்தாவாகவே இருக்கலாம். இந்த மாதிரி வரியை அழித்தாலும் வரலாற்றில் அது தங்கிவிடும். நிர்வாகக் கணக்கு உள்ளவர் அங்கிருந்தும் மறைக்க வேண்டும். அதைச் செய்ய ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் விக்கியையே தொடங்க வேண்டும்.

தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் பக்கங்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நோயாளிக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதச் சொல்வேன். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிகளில் அந்த மூன்றும் இல்லாமல் ஒரு வார்டைச் சுற்றி வர முடியாது. சர்க்கரை இறங்குகிற அறிகுறியைத் தமிழ்ப் பிள்ளைகள் 'படபடன்னு வருது, கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது' என்று பேச்சு வழக்கிலேயே எழுதிவைக்க, இம்பாலிலிருந்து வந்த பெண் அதைத் தன் எழுத்தில் குறித்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறாள்.

எழுதியது பழசாகும் என்பதும் விக்கியில் கண்ணுக்குத் தெரியும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பும் குளுக்கோஸும் எவ்வளவு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2002இல் குறைத்தது. ஆஸ்மோலாரிட்டி, அதாவது கரைசலில் கரைந்திருப்பவற்றின் மொத்தச் செறிவு, 311இலிருந்து 245 ஆனது. பழைய எண்ணைச் சுமந்துகொண்டு இன்னும் சில நோட்ஸ் உலவுகின்றன. 2025 அக்டோபரில் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்தச் சேர்மானத்தில் இல்லாத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டது. அச்சுப் புத்தகத்தில் இதெல்லாம் அடுத்த பதிப்பில்தான் வரும்.

அதனால் புது பேட்ச் வந்ததும் புதுப் பக்கம் எழுதச் சொல்வதில்லை. முந்தைய பேட்ச் எழுதிய பக்கங்களில் ஒரு தப்பையாவது, பழசாகிப்போன ஒரு வரியையாவது கண்டுபிடிப்பதுதான் முதல் அசைன்மென்ட். ஆதாரம் காட்டி உரையாடல் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதிய அக்காவுக்கும் தகவல் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கும் அக்காக்கள் சிலர் டூட்டிக்கு நடுவே பதில் போடுகிறார்கள். சிலர் சண்டைக்கே வருகிறார்கள். வரட்டும். அவர்கள் கணக்குகளை மூடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.