நாயைக் கொன்றவர் யார்? 15 வயதுத் துப்பறிவாளன் தவறவிட்ட தடயம்

வணக்கம். நள்ளிரவு கடந்து 7 நிமிடம் ஆகியிருக்கிறது. எதிர்ச்சாரி வீட்டுப் புல்வெளியில், தோட்டத்து மண்ணைக் கிளறும் இரும்புக் கவை குத்திய நிலையில் ஒரு நாய் செத்துக் கிடக்கிறது. அதை அணைத்தபடி இருந்த 15 வயதுச் சிறுவனைக் காவலர்கள் கைது செய்கிறார்கள். நாயைக் கொன்றதற்காக அல்ல, தன்னைத் தொட்ட காவலரை அவன் அடித்ததற்காக. அந்தச் சிறுவனே பிறகு கொலையாளியைத் தேடப் புறப்படுகிறான். கொலையாளி யார் என்பதை இந்தக் காணொளியில் நான் சொல்லிவிடப் போகிறேன். மார்க் ஹேடன் எழுதிய ‘தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ என்ற நாவலைப் படிக்க எண்ணியிருப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்து முடித்தபின் திரும்பி வரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பின்னணியை விரைவாக முடித்துவிடுகிறேன். 2003இல் வெளிவந்த இந்த நாவல், இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் தந்தையுடன் வாழும் கிறிஸ்டோபர் பூன் என்ற சிறுவன் தானே எழுதும் கதையாக அமைந்திருக்கிறது. அத்தியாயங்களுக்குப் பகா எண்களை மட்டுமே அவன் இடுவதால் நூல் 2இல் தொடங்கி 233இல் முடிகிறது; பக்கங்கள் விடுபட்டுவிட்டன என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பிறர் தொட்டால் தாங்க முடியாத, முகக்குறிப்புகளைப் படிக்கத் திணறுகிற, கணக்கில் வல்லவனான அவனுக்குக் கதைக்குள் மருத்துவப் பெயர் எதுவும் சூட்டப்படுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. பள்ளியில் உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். ‘தாமரை போன்ற முகம்’ என்றால் உவமை. ‘முகத்தாமரை’ என்றால் உருவகம். நமக்கு இது தேர்வு வினா. கிறிஸ்டோபருக்கோ மெய்யும் பொய்யும் பிரிகிற கோடு. ஒரு காவலரின் மூக்குத் துளைகளில் இரண்டு சுண்டெலிகள் ஒளிந்திருப்பதுபோல் மயிர் அடர்ந்திருந்தது என்று அவனே எழுதுகிறான். பார்க்க அப்படித்தான் இருந்தது என்பதால் அந்த உவமையில் அவனுக்குக் குற்றமில்லை. ஒன்றை இன்னொன்றாகவே சொல்லிவிடும் உருவகத்தைத்தான் அவன் பொய் என்கிறான். ‘என் தலையில் இடி விழுந்தது’ என்று நாம் அவனிடம் புலம்பினால், முதலில் வானத்தையும் பிறகு நம் தலையையும் பார்ப்பான் என்று நினைக்கிறேன். இன்னும் வேடிக்கை, அவன் பெயருக்கே ‘கிறிஸ்துவைச் சுமப்பவர்’ என்று பொருள். கிறிஸ்துவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த புனிதரின் கதை அது. அன்பும் உதவியும் பற்றிய அந்தக் கதையைத் தாய் மெச்சினாலும், தன் பெயர் தன்னை மட்டுமே குறிக்க வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்கிற பத்தியை நான் மூன்று முறை படித்தேன்.

உருவகத்தையே பொய் என்று ஒதுக்குகிறவனிடம்தான், தாய் மாரடைப்பால் இறந்துவிட்டாள் என்று தந்தை சொல்லியிருக்கிறார். தாயோ லண்டனில், அந்த நாயின் சொந்தக்காரியை விட்டுப் பிரிந்த கணவரோடு வாழ்ந்துகொண்டு, மகனுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். தந்தை ஒளித்துவைத்த அந்தக் கடிதங்கள் ஒருநாள் அவன் கையில் சிக்குகின்றன.

‘இரவில் நாயின் விந்தைச் சம்பவம்’ என்று பொருள்படும் நாவலின் தலைப்பு, ஆர்தர் கானன் டாயில் 1892இல் வெளியிட்ட ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. இரவில் குதிரை காணாமல்போனபோது லாயத்து நாய் குரைக்கவில்லை. ஆகவே வந்தவர் அதற்குப் பழக்கமானவர் என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். அட்டையிலேயே தடயம் இருக்கிறது! ஹோம்ஸைப் போற்றும் கிறிஸ்டோபரோ, தெருவிலுள்ளோரிடமெல்லாம் விசாரித்துவிட்டு, தன் வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை. கொன்றவர் அவன் தந்தை. அதையும் அவன் கண்டுபிடிப்பதில்லை. கடிதங்கள் வெளிப்பட்ட இரவில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

கட்டியணைப்பதை அவன் தாங்கமாட்டான் என்பதால், அந்தக் குடும்பத்தில் விரல்களை விசிறிபோல் விரித்து விரல்நுனிகளைத் தொட்டுக்கொள்வதே அன்பைச் சொல்லும் முறை. ஒப்புக்கொண்டபின் தந்தை கையை நீட்டுகிறார், அவன் தொடுவதில்லை. நாயைக் கொன்றவர் என்னையும் கொல்லக்கூடும் என்று, துப்பறிவாளனுக்குரிய ஒழுங்கோடு, அவன் முடிவு கட்டுகிறான். தன் வளர்ப்பு எலியையும் எடுத்துக்கொண்டு அந்த இரவே வீட்டைவிட்டு வெளியேறுகிறான்.