ஆர்க்ரைட்: ஒரு பெயருக்குள் இரண்டு பழஞ்சொற்கள்

அவையோருக்கு வணக்கம்.

ரிச்சர்டு ஆர்க்ரைட்டைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1769-இல் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர். இன்றைக்கு அவருடைய இயந்திரத்தை விட்டுவிடுவோம், பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் வடக்கே, குறிப்பாக லங்காஷயர் பக்கம் வேர்கொண்ட பெயர் அது. ஸ்மித், டெய்லர் போலத் தெருவுக்குத் தெரு கிடைப்பதில்லை.

முன்பாதி 'ஆர்க்'. கேட்டதும் நோவாவின் பேழை நினைவுக்கு வரும். இந்தக் குடும்பத்தார் கப்பல் கட்டியவர்கள் என்று பலர் தவறுவது இங்கேதான். லத்தீனில் 'ஆர்க்கா' என்றால் பெட்டி, அவ்வளவுதான். நம் விவிலியத்தில் நோவாவுடையது பேழை, உடன்படிக்கைக்கு உரியது பெட்டி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஆர்க் என்ற ஒரே சொல். வட இங்கிலாந்துக் குடியானவன் வீட்டில் அதுவே மாவும் தானியமும் கொட்டிவைக்கும் மரப்பெட்டகம். நம் பத்தாயத்துக்கு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைச் செய்த முறையைப் பார்த்தால்தான் பெயரின் மறுபாதி விளங்கும். ஓக் மரத்தை வாளால் அறுக்கமாட்டார்கள். நட்ட நடுவிலிருந்து பட்டை நோக்கி ஆப்பு அடித்துப் பிளப்பார்கள். காரணம் உண்டு. பச்சை மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவதில் ஏறத்தாழப் பாதிதான் நடுவிலிருந்து வெளிநோக்கிய போக்கில் சுருங்கும். அப்படிப் பிளந்த பலகை அதிகம் கோணாது, நாரும் அறுபடாது. அகலமான நிலைச்சட்டங்களில் காடி வெட்டி, பலகைகளை அதில் செருகுவார்கள். அந்தச் சட்டங்களே கீழே நீண்டு கால்களாக நிற்கும். தரையின் ஈரம் மாவுக்கு ஏறாது.

பலகையைக் குறுக்கே இறுக்கி ஆணி அடித்தால் என்ன ஆகும்? மரம் சுருங்க இடமில்லாமல் நெடுக வெடிக்கும். அதனால் ஒரு மரத்தில் துளையும், அதில் நுழைய மற்றதன் முனையில் நாக்குப்போலச் சீவிய கழுந்தும், அவற்றைப் பூட்ட மர முளையும். கழுந்தில் போடும் ஓட்டையைச் சட்டத்தின் ஓட்டைக்கு நேராகப் போடாமல், கழுந்து தொடங்கும் தோள் பக்கமாக இம்மியளவு தள்ளிப் போடுவார்கள். முளை உள்ளே போகப்போக மூட்டைத் தானே இழுத்து இறுக்கும். அதிகம் தள்ளிவிட்டால் முளை முறியும், அல்லது கழுந்தின் நுனி பிளந்துவிடும். முளை நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை முளை போட்டால் அதுவும் சுருங்கி மூட்டு ஆடும். மூடி கூரை போலச் சரிந்திருக்கும். அதைக் கழற்றிக் கவிழ்த்தால் மாவு பிசையும் தொட்டி! சிக்கனமான வீட்டுக்காரர்கள்.

இப்போது 'ரைட்'. எழுதுவதற்கும் சம்பந்தமில்லை, சரி என்பதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் வேலை என்ற சொல்லின் அடியிலிருந்து பிறந்து, 'செய்பவன்' என்று பொருள்பட்டது. உயிரெழுத்துக்குப் பின்னால் இருந்த ரகரம் முன்னால் தாவிவிட்டது. நம்மிடம் தசை சதையான கதைதான், விசிறி சிவிறியான கதைதான். முதலில் நிற்கும் டபிள்யூவையும் நடுவிலுள்ள ஜி, எச் இரண்டையும் ஒருகாலத்தில் வாய்விட்டுச் சொன்னார்கள். ஒலி போயிற்று, எழுத்து தங்கிற்று. தனிச்சொல்லாக 'ரைட்' வழக்கொழிந்தாலும் சக்கரம் செய்பவர், கப்பல் கட்டுபவர் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாடகாசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்ற சொல்லிலும் அதுவே. அதை 'எழுது' என்ற பொருளில் எழுத்துக்கூட்டுவோர் இன்றும் உண்டு. நாடகத்தை அவர் தச்சனைப்போலப் பூட்டிச் செய்கிறார் என்பதே சொல்லின் கருத்து.

இப்படி வேறொரு பெயரை நீங்களே பிரித்துப் பார்க்க விரும்பினால், இன்றைய ஒலியை நம்பாதீர்கள். மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள். இங்கிலாந்தில் 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய தலைவரியின் பட்டியல்கள் நல்ல தொடக்கம். யார்க்ஷயரின் 1379 பட்டியலில் பலருக்குப் பெயரோடு தொழிலும் எழுதியிருக்கிறார்கள். பெயர் ஒரு தொழிலையும் பக்கத்தில் உள்ள குறிப்பு வேறொன்றையும் சொன்னால், அந்தப் பெயர் அப்போதே பரம்பரைப் பெயராகிவிட்டது என்று பொருள்.

அடுத்து, வட்டாரம். நெய்த கம்பளியை நனைத்து மிதித்துத் தடிப்பாக்குபவர் வடக்கே வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். தொழில் ஒன்று, பெயர் மூன்று. வாக்கரை நடைப்பயணி என்று எண்ணினால் ஏமாந்தோம். தொட்டியில் துணியை மிதித்தவர் அவர். லோரிமர் கடிவாள இரும்பும் அங்கவடியும் செய்தவர். லத்தீனில் 'லோரம்' என்றால் வார். லண்டனில் அந்தத் தொழிற்சங்கம் லோரினர் என்ற எழுத்தில் இன்றும் இருக்கிறது, அதன் விதிகள் 1261-ஐச் சேர்ந்தவை. ஃப்ரோபிஷர் வாளையும் கவசத்தையும் துலக்கியவர்.

ரிச்சர்டு ஆர்க்ரைட் பெட்டகம் எதுவும் செய்யவில்லை. பிரஸ்டனில் பிறந்து, முடிதிருத்துபவராகவும் டோப்பா செய்பவராகவும் பிழைத்தவர். இயந்திரத்தை வடிவமைக்க ஜான் கே என்ற கடிகாரக் கலைஞர் துணை நின்றார். 1771-இல் குரோம்ஃபோர்டில் ஆலை தொடங்கினார். ஆலை இயந்திரம் பூட்டுபவருக்கு ஆங்கிலத்தில் 'மில்ரைட்' என்று பெயர், பழைய சொல் அங்கே வேலையில்தான் இருந்தது.

மாவுப் பெட்டகம் என்ற பொருளில் 'ஆர்க்' பதிவாகியிருப்பது 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வந்த ஆங்கில வட்டார வழக்கு அகராதியில். சிறுவயதில் ஆலையில் வேலை பார்த்து, எழுத்தறிவைப் பிந்திப் பெற்ற அதன் பதிப்பாசிரியரின் பெயர் ஜோசப் ரைட்.