ரோடியத்தை வெளியே அனுப்பிய என்சைம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த அரங்கத்தில் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றால் பாதிப்பேர் தூக்குவீர்கள், மீதிப்பேர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் மருந்துச் சீட்டில் சிட்டாகிளிப்டின் என்று இருக்கிறதா பாருங்கள், போதும். அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

2006இல் அமெரிக்காவில் மெர்க் கம்பெனி ஜனுவியா என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. மூலக்கூறு அப்படியொன்றும் பெரிதில்லை, தொல்லையெல்லாம் ஒரே இடத்தில்தான். நடுவில் ஒரு அமீன் தொகுதி, அதாவது நைட்ரஜன் உள்ள பகுதி, இந்தப் பக்கமும் ஒட்டலாம், எதிர்ப்பக்கமும் ஒட்டலாம். இரண்டும் இடது செருப்பு, வலது செருப்பு மாதிரி. மருந்துக்கு வேண்டியது ஒரு கால் செருப்பு மட்டும்.

மெர்க் வேதியியலாளர்கள் இதற்கு ரோடியம் வினையூக்கியை, அதாவது வேதிவினையை வேகமாக நடத்திவைக்கும் பொருளை, பிடித்தார்கள். நல்ல வழிதான், அதே 2006இல் பசுமை வேதியியலுக்கான அமெரிக்க விருதுகூட வாங்கியது. ஆனால் ரோடியம் விலை கூடிய உலோகம், ஹைட்ரஜனை வளிமண்டலத்தைப்போல் சுமார் 17 மடங்கு அழுத்தத்தில் ஏற்ற வேண்டும், அதற்கென்று தனிக் கலன். அப்படியும் ஒன்றரை சதவீதம் மறுகால் செருப்பு கலந்துவிடும், அதை மறுபடி படிகமாக்கி எடுக்கணும், அப்புறம் மாத்திரையில் உலோகம் தங்கக் கூடாதே, கரியைப் போட்டு ரோடியத்தையும் உறிஞ்ச வேண்டும்.

சரி, ரோடியத்துக்குப் பதில் ஒரு என்சைம், அதாவது உயிர்களுக்குள் வேதிவினையை நடத்தும் புரதம், இந்த வேலையைச் செய்தால்? கோடெக்சிஸ் என்ற கம்பெனியோடு சேர்ந்து ஒரு பாக்டீரியாவின் டிரான்ஸ்அமினேஸை எடுத்தார்கள். அமீனை ஒரு மூலக்கூறிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அதற்குப் பிறவித் தொழில். ஆனால் நம் மூலக்கூறைக் கொடுத்தால் சும்மா இருந்தது! என்சைமில் வேலை நடக்கும் குழி சின்னது, மருந்துக்கு இரண்டு பக்கமும் தடித்த உடம்பு, உள்ளேயே நுழையவில்லை.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். முழு மூலக்கூறையும் கொடுத்து முட்டிக்கொண்டிருக்காமல், ஒரு பக்கத்தை வெட்டிவிட்ட போலி ஒன்றைக் கொடுத்தார்கள். அதை ஏற்கும்படி குழியின் ஒரு பக்கத்தை மாற்றினார்கள், பிறகு மறுபக்கத்தையும் அகலமாக்கி நிஜ மூலக்கூறைக் கொடுத்தார்கள். லேசாக, மிக லேசாக, வேலை நடந்தது. அதிலிருந்து மரபணுவில் மாற்றங்கள் செய்வது, நன்றாக உழைப்பதைப் பொறுக்குவது, மறுபடி மாற்றுவது என்று மொத்தம் 11 சுற்று. கடைசியில் நின்ற என்சைமில் 27 மாற்றங்கள். இப்படி என்சைமைப் படிப்படியாக வளர்க்கும் முறைக்காகத்தான் 2018இல் அமெரிக்க விஞ்ஞானி பிரான்சஸ் அர்னால்டுக்கு நோபல் கிடைத்தது.

2010இல் முடிவை வெளியிட்டார்கள். பாதி கரைப்பானாக இருக்கும் கலவையில், லிட்டருக்கு 200 கிராம் மூலப்பொருளோடு அந்த என்சைம் தாக்குப்பிடிக்கிறது. சாதாரண என்சைம் அதில் சுருண்டு போயிருக்கும். மறுகால் செருப்பு தேடினாலும் கிடைக்காது. மொத்தக் கழிவு 19 சதவீதம் குறைந்தது, விளைச்சல் பழைய வழியைவிட 10 முதல் 13 சதவீதம் கூடியது, ரோடியமும் அழுத்தக் கலனும் போயே போய்விட்டன.

அப்போ மாத்திரை விலை குறைந்ததா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இந்தியாவில் விலை சரிந்தது 2022 ஜூலையில், காப்புரிமை முடிந்து நம்மூர்க் கம்பெனிகள் வரிசையாக இறங்கியபோதுதான். அது வேறு கணக்கு, அதற்கும் குழியின் அகலத்துக்கும் சம்பந்தமில்லை.