ஜாம்பியிடமிருந்து தோல்: மைன்கிராஃப்டில் மாப் டிராப்பை நாமே எழுதுவது எப்படி?

[காட்சி: இரவு, சமவெளி. வாள் பட்டு ஒரு ஜாம்பி விழுகிறது. தரையில் இரண்டு துண்டு அழுகிய இறைச்சி.]

ஜாம்பியை அடித்துப் போட்டால் அழுகிய இறைச்சி விழும். ஒன்று விழலாம், இரண்டு விழலாம், சில நேரம் ஒன்றுமே விழாது. எப்போதாவது ஒரு கேரட்டோ, உருளைக்கிழங்கோ, இரும்புக் கட்டியோ விழுந்தால் அன்றைக்கு நமக்கு யோகம். அந்த யோகம் எந்தக் கோப்பில் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம். அப்புறம் அதை மாற்றி எழுதுவோம்.

மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷனில் ஒவ்வொரு மாபுக்கும், அதாவது ஜாம்பி, பசு போன்ற உயிரினத்துக்கும், ஒரு லூட் டேபிள் உண்டு. அது செத்தால் என்ன விழும் என்று சொல்கிற பட்டியல் அது. நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சாதாரண ஜேசன் கோப்புதான். 2016-இல் 1.9 பதிப்போடு வந்தது. 2018-இல் 1.13 பதிப்பில், நம் கோப்புகளை விளையாட்டுக்குக் கொடுக்கிற டேட்டா பேக் என்ற ஃபோல்டர் வந்த பிறகு இதை மாற்றுவது இன்னும் சுலபமாகிவிட்டது. ஜாவா தெரிந்திருக்க வேண்டாம், மாட் என்கிற கூடுதல் நிரல்களை ஏற்றுகிற மாட் லோடரும் வேண்டாம். சர்வரில் ஒரு முறை போட்டால் போதும். விளையாட வருகிறவர்கள் தங்கள் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இந்த வீடியோ முழுவதும் நான் காட்டுவது 1.21.1 பதிப்பு. விளையாட்டின் இன்னொரு வடிவமான பெட்ராக் எடிஷனில் லூட் டேபிள்கள் பிஹேவியர் பேக்குக்குள் இருக்கும், அந்தப் பக்கம் இன்று போகப் போவதில்லை.

[திரையில்: வெர்ஷன்ஸ் ஃபோல்டர் திறக்கிறது. 1.21.1 ஜார் கோப்பு ஜிப் மென்பொருளில் விரிகிறது.]

முதல் வேலை, மூலக் கோப்பை வெளியே எடுப்பது. விளையாட்டின் ஃபோல்டரில் வெர்ஷன்ஸ், அதற்குள் 1.21.1, அதற்குள் அதே பெயரில் ஒரு ஜார் கோப்பு. ஜிப்பைப் பிரிக்கிற எந்த மென்பொருளிலும் இது திறக்கும். உள்ளே டேட்டா, மைன்கிராஃப்ட், லூட் டேபிள், என்டிட்டீஸ் என்று இறங்கினால் எல்லா மாபும் வரிசையாக இருக்கும். ஜாம்பியின் கோப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள். நான் வாயால் சொல்கிற பெயர்களையெல்லாம் திரையில் தெரிகிற எழுத்தில் அப்படியே தட்ட வேண்டும். ஒரு அடிக்கோடு விட்டுப்போனாலும் வேலை செய்யாது.

வெற்றுக் கோப்பில் தொடங்காமல் ஏன் நகலெடுக்கச் சொல்கிறேன்? அதே பெயரில் நாம் ஒரு கோப்பை வைத்தால் விளையாட்டு பழையதையும் புதியதையும் சேர்த்துப் படிக்காது. பழையதை அப்படியே ஒதுக்கிவிட்டு நம்முடையதை மட்டும் எடுத்துக்கொள்ளும். தோல் விழ வேண்டும் என்று தோலை மட்டும் எழுதி வைத்தால், அன்றிலிருந்து ஜாம்பி அழுகிய இறைச்சி போடாது. விளையாட்டை உருவாக்கிய மொஜாங் எழுதியதை வைத்துக்கொண்டு, அதன் மேல் சேர்ப்பதுதான் முறை.

[திரையில்: ஜாம்பி கோப்பு. முதல் பூல் மஞ்சளில், இரண்டாவது பூல் நீலத்தில்.]

கோப்பைத் திறந்தால் பூல்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பூலும் தனித்தனியாக நடக்கிற ஒரு குலுக்கல் சீட்டு. ரோல்ஸ் என்பது எத்தனை முறை சீட்டு எடுக்கிறோம் என்பது. என்ட்ரீஸ் என்பது உள்ளே கிடக்கிற சீட்டுகள். ஒரு பூலில் என்ன வந்தது என்று அடுத்த பூலுக்குத் தெரியாது.

ஜாம்பியின் முதல் பூலில் ஒரே சீட்டு: அழுகிய இறைச்சி. செட் கவுண்ட் என்ற வரி எண்ணிக்கையை 0 முதல் 2 வரை வைக்கிறது. மூன்றுக்கும் சம வாய்ப்பு. ஆகவே மூன்றில் ஒரு ஜாம்பி வெறுங்கையோடு போகும்; அது பிழை அல்ல, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள வரி, வாளில் லூட்டிங் மந்திரம் இருந்தால் ஒவ்வொரு நிலைக்கும் மேலும் ஒன்று வரை கூட்டித் தருகிறது.

இரண்டாவது பூலில் மூன்று சீட்டு: இரும்பு, கேரட், உருளை. ஆனால் இந்தக் குலுக்கல் நடக்கவே இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, கில்டு பை பிளேயர், அதாவது சாவில் ஆட்டக்காரரின் கை இருக்க வேண்டும். இன்னொன்று, 0.025 என்ற வாய்ப்பு. நூற்றுக்கு இரண்டரை. அதையும் மூன்று சீட்டுக்குப் பங்கு போட்டால் உருளைக்கிழங்கு மட்டும் ஏறக்குறைய 120 ஜாம்பிக்கு ஒன்று. லூட்டிங் மூன்றாம் நிலை வாள் இருந்தால் 0.055 ஆகிறது, சுமார் 55 ஜாம்பிக்கு ஒன்று. கேரட்டுக்காக ராத்திரி முழுக்க வெளியே நின்றவர்களுக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும்.

[திரையில்: கோப்பின் கடைசியில் மூன்றாவது பூல் ஒவ்வொரு வரியாக எழுதப்படுகிறது.]

சரி, நம்முடையதைச் சேர்ப்போம். மூன்றாவது பூல். ரோல்ஸ் 1. சீட்டு ஒன்றே ஒன்று: லெதர். நிபந்தனை, ரேண்டம் சான்ஸ் 0.1. பத்தில் ஒரு ஜாம்பி தோல் தரும்.

பத்தில் ஒன்று என்றவுடன் பத்து அடித்தால் ஒன்று நிச்சயம் என்று மனம் நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் போகிற வாய்ப்பு 0.9. அதைப் பத்து முறை பெருக்கினால் 0.35. பத்து ஜாம்பியை அடித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஒரு தோல்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சர்வரில் இந்தப் புகார் வரத்தான் செய்யும். வந்தவுடன் எண்ணை ஏற்றிவிடாதீர்கள்.

எண்ணைத் திருகுவதில் பெரிய சுவாரசியம் இல்லை என்பது என் கருத்து. 0.1 என்பதை 0.2 ஆக்கினால் ஆட்டக்காரர் முன்பு செய்த அதே வேலையைச் செய்துவிட்டு இரண்டு மடங்கு வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். நிபந்தனையை மாற்றினால் அவர் வேறு வேலை செய்ய வேண்டிவருகிறது. மொஜாங் எழுதியதிலேயே நல்ல டிராப்புகள் அப்படிப்பட்டவைதான்.

[காட்சி: எலும்புக்கூட்டின் அம்பு கிரீப்பரைத் துளைக்கிறது. இசைத்தட்டு விழுகிறது.]

வெடிக்கிற மாபான கிரீப்பரைப் பாருங்கள். நாம் கொன்றால் வெடிமருந்து. எலும்புக்கூடு எய்த அம்பில் அது செத்தால் இசைத்தட்டு. கிரீப்பருக்கும் எலும்புக்கூட்டுக்கும் நடுவில் நின்று, தானும் சாகாமல், அம்பு சரியான இடத்தில் படும்படி ஆட்டக்காரர் ஆட வேண்டியிருக்கிறது.

[காட்சி: மூன்று நிறத் தவளைகள், ஒரு சின்ன மேக்மா கியூப்.]

2022-இல் 1.19-இல் வந்த தவளை இன்னும் அழகு. சின்ன மேக்மா கியூபைத் தவளை விழுங்கினால் ஃபிராக்லைட் விளக்கு கிடைக்கும். எந்த நிறத் தவளை விழுங்கியதோ அதைப் பொறுத்து விளக்கின் நிறம் மாறும். ஆரஞ்சுத் தவளைக்கு மஞ்சள் ஒளி, வெள்ளைத் தவளைக்கு ஊதா கலந்த ஒளி, பச்சைத் தவளைக்குப் பச்சை ஒளி. மூன்றும் வேண்டுமென்றால் வெப்ப நிலத்திலும் குளிர் நிலத்திலும் மிதமான நிலத்திலும் தவளை வளர்த்து, மேக்மா கியூப் இருக்கிற நெதர் என்ற பாதாள உலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேக்மா கியூபின் லூட் டேபிளில், கொன்றது யார் என்று கேட்கிற சில வரிகள். அதற்காக ஆட்டக்காரர் உலகம் சுற்றுகிறார்.

நம் ஜாம்பிக்கும் அப்படி ஒன்று வைப்போமா? அழுகிய இறைச்சி நெருப்பில் காய்ந்தால் தோலாகும் என்று ஒரு கற்பனை. எரிந்துகொண்டே சாகிற ஜாம்பி மட்டும் தோல் தரட்டும்.

[திரையில்: ரேண்டம் சான்ஸ் வரி அழிகிறது. என்டிட்டி பிராப்பர்ட்டீஸ், அதற்குள் ஃபிளாக்ஸ், ஈஸ் ஆன் ஃபயர், ட்ரூ.]

பசுவின் கோப்பில் இந்த நிபந்தனை ஏற்கெனவே இருக்கிறது. எரிகிற பசு சமைத்த இறைச்சி போடுவது இதனால்தான். அங்கிருந்து எடுத்து ஒட்டலாம். ஒட்டி, சேமித்து, ஓர் இரவு கழித்துக் காலையில் வெளியே போய்ப் பாருங்கள்.

[காட்சி: விடியல். சமவெளி எங்கும் ஜாம்பிகள் எரிகின்றன. புல்லின் மேல் தோல் தோலாகக் கிடக்கிறது.]

பொழுது விடிந்தால் ஜாம்பி தானாகவே எரியும் அல்லவா? விரலை அசைக்காமல் வாசலில் தோல் குவிந்துவிடும். தோல் இருந்தால் புத்தகம், புத்தகம் இருந்தால் புத்தக அலமாரி. மந்திர மேசையை முழு பலத்துக்குக் கொண்டுவர 15 அலமாரி வேண்டும், அதாவது 45 தோல். வழக்கமாக அதற்காகத்தான் மாட்டுப் பண்ணை போடுகிறோம். இரண்டு மூன்று விடியலில் அது கைக்கு வந்துவிட்டால் பிறகு மாடு எதற்கு?

அதனால் கில்டு பை பிளேயரைக் கூடவே போடுகிறோம். இதன் கணக்கு: ஆட்டக்காரர் அடித்து 5 விநாடிக்குள் மாப் செத்தால் அது ஆட்டக்காரர் கணக்கு. வளர்ப்பு ஓநாய் கடித்தாலும் நம் கணக்குதான். இப்போது விடியலில் வாளோடு ஓட வேண்டும். அல்லது தீ மூட்டுகிற ஃபயர் ஆஸ்பெக்ட் வாள், ஃபிளேம் வில், சக்கிமுக்கி என்று ஏதாவது ஒன்றைத் தேட வேண்டும். அழித்த ரேண்டம் சான்ஸ் வரியையும் திரும்பப் போடலாம்; ஆனால் இவ்வளவு செய்கிறவருக்கு 0.1 கஞ்சத்தனம். 0.5 என்று வையுங்கள், தப்பில்லை.

இந்த கில்டு பை பிளேயர் வரியைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். அயர்ன் கோலெம் என்ற இரும்பு மாபின் கோப்பில் இந்த வரி கிடையாது. யார் கொன்றாலும், எரிமலைக் குழம்பு கொன்றாலும், 3 முதல் 5 இரும்புக் கட்டி விழும். ஆளில்லாமல் ஓடுகிற இரும்புப் பண்ணை எல்லா சர்வரிலும் இருப்பதற்கு இதுவே காரணம். நெருப்பு மாபான பிளேஸின் கோப்பில் இந்த வரி உண்டு. அதனால் பிளேஸ் பண்ணையில் கடைசி அடிக்கு யாராவது ஒருவர் கையில் வாளோடு நிற்க வேண்டியிருக்கிறது. புதிய டிராப் எழுதும்போது நான் முதலில் முடிவு செய்வது இதைத்தான். எண்ணெல்லாம் அதற்குப் பிறகு.

[திரையில்: ஒரே நிபந்தனை பூலின் கீழும் சீட்டின் கீழும், பக்கம் பக்கமாக.]

நிபந்தனையை எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். பூலின் கீழே எழுதினால், பொருந்தாதபோது அந்தக் குலுக்கலே நடக்காது. சீட்டின் கீழே எழுதினால், அந்தச் சீட்டை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மீதியில் குலுக்கும். இரும்பு, கேரட், உருளை பூலில் இரும்புக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தால், அது பொருந்தாத நேரத்தில் கேரட்டுக்கும் உருளைக்கும் வாய்ப்பு தானாக ஏறிவிடும். ஏறக் கூடாது என்றால் இரும்பைத் தனி பூலாக்குங்கள். ஒரு சீட்டு மற்றதைவிட அதிகம் வர வேண்டுமென்றால் வெயிட் இருக்கிறது. எம்ப்டி என்று வெற்றுச் சீட்டும் போடலாம்.

இனி பேக்காகக் கட்டுவது. உலகத்தின் ஃபோல்டரில் டேட்டா பேக்ஸ். அதற்குள் நம் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் பேக் டாட் எம்சிமெட்டா என்ற அறிமுகக் கோப்பு, அதில் பேக் ஃபார்மட் 48 (1.21.1-க்கான எண்). பக்கத்தில் டேட்டா, மைன்கிராஃப்ட், லூட் டேபிள், என்டிட்டீஸ், கடைசியில் நம் ஜாம்பி கோப்பு. 1.21-க்கு முன்பு அந்த ஃபோல்டரின் பெயர் பன்மையில் இருந்தது, லூட் டேபிள்ஸ். 1.21-இல் ஒருமையாக்கிவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் பெயர் தப்பாக இருந்தால் விளையாட்டு எந்த எச்சரிக்கையும் தராது. கண்டுகொள்ளாமல் போய்விடும்.

[திரையில்: ரீலோடு கட்டளை. பிறகு லூட் கட்டளை.]

ரீலோடு கட்டளை கொடுத்தால் உலகத்தை மூடாமலே புதிய கோப்பு நடைமுறைக்கு வரும். சோதிக்க ஜாம்பியைத் துரத்த வேண்டாம். லூட் கிவ், அப்புறம் கில், அப்புறம் அருகிலுள்ள ஜாம்பி என்று திரையில் உள்ளபடி தட்டுங்கள். ஜாம்பி சாகாது; செத்தால் என்ன விழுமோ அது மட்டும் நம் பைக்கு வரும். கட்டளையை நீங்களே தட்டுவதால் கொன்றது ஆட்டக்காரர் என்று கணக்காகும். ஜாம்பியைத் தீயில் நிறுத்திவிட்டு ஒரு முறை, தீயில்லாமல் ஒரு முறை பாருங்கள்.

எதுவுமே விழவில்லையா, அழுகிய இறைச்சிகூட? பெரும்பாலும் ஜேசனில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கும். கோப்பு உடைந்திருந்தால் விளையாட்டு பழைய கோப்புக்குத் திரும்பாது. அந்த மாபுக்கு லூட் டேபிளே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். லாக்ஸ் ஃபோல்டரில் லேட்டஸ்ட் டாட் லாகைத் திறந்து ஜாம்பி என்று தேடினால் எங்கே இடறியது என்று தெரியும்.

எல்லா ஜாம்பியும் மாற வேண்டாம், கதையில் வருகிற ஒரே ஒரு தலைவன் ஜாம்பி மட்டும் வேறு பொருள் தரட்டும் என்றால் மூலக் கோப்பைத் தொடவே தேவையில்லை. நம் பெயரில் தனி லூட் டேபிள் எழுதி, மாபை வரவழைக்கிற சம்மன் கட்டளையில் டெத் லூட் டேபிள் என்ற இடத்தில் அதன் பெயரைக் கொடுங்கள்.

சில பொருள்கள் இந்தக் கோப்புகளில் அகப்படாது. ஜாம்பி கையில் வைத்திருக்கிற மண்வெட்டி, உடம்பில் போட்டிருக்கிற கவசம் எல்லாம் தனிக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 8.5 சதவீதம். அனுபவப் புள்ளியும் இங்கே இல்லை. விதர் என்ற பெரிய எதிரி மாப் தருகிற நெதர் ஸ்டார் நிரலிலேயே இருக்கிறது. விதரின் லூட் டேபிளைத் திறந்தால் காலியாக இருக்கும். நெதர் ஸ்டாரை நிறுத்த வேண்டுமென்றால் மாட்தான் எழுத வேண்டும். கூடுதலாக ஏதாவது விழ வைக்க வேண்டுமென்றால் அந்தக் காலிக் கோப்பே போதும்.

இன்னொரு சிக்கல், ஜாம்பியை மாற்றுகிற இரண்டு டேட்டா பேக்குகள் ஒரே உலகத்தில் இருந்தால் கடைசியாக ஏற்றப்படுவதுதான் செல்லும். மற்றதன் ஜாம்பி கோப்பு சும்மா கிடக்கும். மாட் லோடர்களான ஃபோர்ஜ், நியோஃபோர்ஜ் பக்கம் இதற்காகவே குளோபல் லூட் மாடிஃபையர் வைத்திருக்கிறார்கள், ஃபேப்ரிக்கில் லூட் டேபிள் ஈவென்ட். இரண்டும் மூலக் கோப்பை ஒதுக்காமல், அது தருகிற பட்டியலில் கூட்டவும் குறைக்கவும் விடும். பல மாட்கள் கலந்த பெரிய பேக் என்றால் அந்த வழிக்குப் போய்விடுங்கள். நண்பர்கள் நாலைந்து பேர் விளையாடுகிற சர்வருக்கு டேட்டா பேக் தாராளம். பேக் பட்டியலைக் காட்டும் கட்டளையைத் தட்டி நம்முடையது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம், முன்னே பின்னே நகர்த்தவும் செய்யலாம்.