பந்து வருவதற்கு முன்பே பார்த்தவர்

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் பால் ஸ்கோல்ஸைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் இங்கே ஒரு நண்பர் சிரித்தார். "அவர் ஆடின காலத்தில் மொத்தமாகச் சேர்த்தாலே அரை மணி நேரம் பேசியிருக்க மாட்டாரே, அவரைப் பற்றி நீ அரை மணி நேரம் பேசுவாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பேட்டி என்றால் காததூரம் ஓடுகிறவர், கோப்பையோடு ஊர்வலம் வரும்போதும் பின்வரிசையில் நிற்கிறவர். (ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சியில் உட்கார்ந்து தன் பழைய கிளப்பையே வெளுத்து வாங்கினார், அது வேறு கதை.) என் பிரச்சினை என்னவென்றால், இவ்வளவு வருடம் அவரை நேசித்தோமே, பதிலுக்கு அவர் நம்மைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அப்புறமும் ஏன் இத்தனை பிரியம்? அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் நோண்டிப் பார்க்கப் போகிறேன்.

1974-இல் சால்ஃபர்டில் பிறந்தவர். ஆஸ்துமா உண்டு. சின்ன வயதில் முழங்கால் வலி வேறு. உயரம் கிடையாது, வேகம் கிடையாது. இவ்வளவு குட்டியாக இருக்கிற பையன் தேறுவானா என்று மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் ஃபெர்குசனுக்கே முதலில் சந்தேகம் இருந்தது, பிற்பாடு அவரே அதை ஒத்துக்கொண்டார். 1994 செப்டம்பரில் போர்ட் வேல் மைதானத்தில் லீக் கோப்பை ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக முதல் முறை இறங்குகிறார், யுனைடெட் 2-1 என்று ஜெயிக்கிறது, இரண்டு கோலும் அந்தக் குட்டிப் பையனுடையது. அதற்குப் பிறகு 718 ஆட்டங்கள், 155 கோல்கள், 11 லீக் பட்டங்கள், எல்லாம் ஒரே கிளப். எண்களை இத்தோடு விட்டுவிடுகிறேன், ஏனென்றால் எண்களுக்காக யாரும் அவரை நேசிக்கவில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பழைய ஆட்டம் ஏதாவது ஒன்றை எடுத்துப் போட்டு, பந்தை மறந்துவிட்டு ஸ்கோல்ஸின் கழுத்தை மட்டும் பாருங்கள். நான் சொல்வது விளையாட்டுக்கு இல்லை. பந்து வேறு யாரிடமோ இருக்கும், இவர் வலது தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார், இடது தோளுக்கு மேல் ஒரு தடவை, மறுபடியும் வலது. நடுக்களத்தில் நிற்கிறவனுக்குப் பெரிய கஷ்டம் இதுதான், பந்து முன்னாலிருந்து வரும், ஆபத்து முதுகுப் பக்கமிருந்து வரும். பந்து காலுக்கு வந்த பிறகு நிமிர்ந்து பார்க்கிறவன் ஒரு நொடியைத் தொலைக்கிறான், அந்த ஒரு நொடியில் எதிராளி வந்து மேலே விழுந்துவிடுவான். ஸ்கோல்ஸ் அந்த வேலையை முன்கூட்டியே முடித்து வைத்துவிடுவார், அதனால் பந்து வந்ததும் யோசிப்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சமிருக்காது. வேகமே இல்லாத மனிதர் ஏன் எப்போதும் அவசரமில்லாமல் ஆடுகிற மாதிரி தெரிந்தது என்பதற்கு இதைத் தவிர வேறு ரகசியம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, அந்தக் குறுக்குப் பாஸ். இடது பக்கம் நெருக்கடி, எதிரணி மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், வலது ஓரத்தில் நம் ஆள் தனியாக நிற்பான். எல்லாருக்கும் தெரிகிற இடைவெளிதான், ஆனால் பந்தைத் தூக்கி மெதுவாக அனுப்பினால் அது மிதந்து போய்ச் சேர்வதற்குள் எதிரணியின் ஓரத்துத் தடுப்பாட்டக்காரர் நடந்தே வந்துவிடுவார். ஸ்கோல்ஸ் அடிப்பது அப்படி மிதக்காது. தலைக்கு மேல் கொஞ்சம் உயரத்தில் கயிறு கட்டி இழுத்த மாதிரி போகும், கடைசியில் மட்டும் சாதுவாகி நம் ஆளின் காலடியில் விழும், அவன் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதே இல்லை. பயிற்சி மைதானத்தில் யாராவது சக ஆட்டக்காரர் ஒதுங்கிப் புதர்ப்பக்கம் போனால், நாற்பது கஜத்திலிருந்து குறிபார்த்து அவர் தலையில் பந்தை அடிப்பாராம். கூட ஆடினவர்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வாய் திறக்காத மனிதரின் குறும்பெல்லாம் காலில்தான் இருந்திருக்கிறது.

ஷாவி, அதாவது அந்தக் காலத்து பார்சிலோனாவின் மூளை, தான் பார்த்த பதினைந்து இருபது வருடங்களில் ஸ்கோல்ஸ்தான் மிகச் சிறந்த நடுக்கள வீரர் என்று சொன்னார். பெரிய ஆட்டக்காரர்கள் சொன்னதாக இன்னும் பல வாசகங்கள் சுற்றுகின்றன, பாதியை நான் நம்புவதில்லை. ஷாவி சொன்னது போதும். 2008 ஏப்ரலில் அதே பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, ஓல்டு டிராஃபர்டில் இரண்டாவது ஆட்டம், 14-ஆவது நிமிடம், எதிரணி சரியாக வெளியேற்றாத பந்து பெனால்டி பெட்டிக்கு வெளியே ஸ்கோல்ஸிடம் வந்தது. ஒரே அடி, கம்பத்தின் மேல் மூலை. இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து விழுந்த ஒரே கோல் அதுதான். 1999 இறுதி ஆட்டத்தை மஞ்சள் அட்டைகளால், அதாவது நடுவரின் எச்சரிக்கைகளால், தவறவிட்டவர், இந்த முறை இறுதி ஆட்டம் நடக்கும் மாஸ்கோவுக்குப் போனால் அணிப் பட்டியலில் முதல் பெயர் ஸ்கோல்ஸ்தான் என்று ஃபெர்குசன் வாக்குக் கொடுத்தார், காப்பாற்றினார். மாஸ்கோவில் மூக்கில் ரத்தம் வழிய ஆடினார், அங்கேயும் ஒரு மஞ்சள் அட்டை.

அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. அடக்கமானவர்களைப் பற்றிப் பேசினால் உடனே நிறைகுடம் தளும்பாது என்று ஆரம்பித்துவிடுவோம். இந்தக் குடம் தளும்பும் ஐயா. டேக்கிளுக்கு, அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கப் போனால் நன்றாகவே தளும்பும். அவருக்கு டேக்கிள் வராது, வராது என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அந்த முரட்டு டேக்கிள்களை வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றைக்கும் சண்டை போடலாம், என் கட்சி வேண்டுமென்றே என்பதுதான். 2008 சூப்பர் கோப்பையில் ஜெனித் அணிக்கு எதிராகப் பந்தைக் கையால் வலைக்குள் தட்டிவிட்டு இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார், வாலிபால் ஆடுகிற மாதிரி. 2001-இல் கோபத்தில் லீக் கோப்பை ஆட்டம் ஒன்றுக்கு வர மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டு அபராதமும் கட்டினார். விசுவாசி என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு போனவர் வேறு கிளப் தேடிப் போகவில்லை, வீட்டுக்குத்தான் போனார், திரும்பி வந்தார்.

இங்கிலாந்து அணிக்கு மட்டும் திரும்பவில்லை. ஜெரார்டையும் லாம்பார்டையும் நடுவில் வைப்பதற்காக 2004 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டியில், அவரை இடது ஓரத்துக்குத் தள்ளினார்கள், அந்தப் போட்டி முடிந்ததும் 29 வயதிலேயே போதும் என்று சொல்லிவிட்டார், குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றார். இடது ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை, அதை நாம்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது எனக்குப் பிடித்த கதை. 2011 மே மாதம் ஓய்வு பெற்றார். ஏழு மாதம் கழித்து, ஆடாமல் இருக்க முடியவில்லை என்று ஃபெர்குசனிடம் போய்ச் சொல்கிறார். 2012 ஜனவரி 8, எஃப்ஏ கோப்பை, எதிரணி மான்செஸ்டர் சிட்டி, அவர்களுடைய மைதானம். பூட்ஸ் கொடுக்கிற விளம்பர ஒப்பந்தம் எதுவும் கையில் இல்லை, கிளப்பில் கேட்டால் விஷயம் வெளியே போய்விடும், அதனால் கடைக்குப் போய் நாற்பது பவுண்டு கொடுத்து ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினார். சாம்பியன்ஸ் லீக்கை இரண்டு முறை ஜெயித்த மனிதர், நம்மை மாதிரியே அளவு பார்த்துப் பணம் கொடுத்து. சக வீரர்களுக்கே தெரியாது, உடைமாற்றும் அறையில் 22-ஆம் எண் சட்டை தொங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அவருடைய பழைய 18 அதற்குள் இன்னொருவருக்குப் போயிருந்தது, அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

கதை இங்கே முடிந்தால் சினிமா. ஆனால் யுனைடெட் 3-1 முன்னிலையில் இருக்கும்போது களமிறங்கின கொஞ்ச நேரத்தில் ஸ்கோல்ஸ் பந்தைப் பறிகொடுத்தார், சிட்டியின் அகுவேரோ கோல் போட்டு 3-2 ஆக்கிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் அதற்குப் பிறகு பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டுப் பதுங்கியிருப்பான். இவர் அடுத்த பந்தையும் கேட்டு வாங்கினார், அதற்கு அடுத்ததையும், கழுத்து அதே மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தது. ஆட்டம் அப்படியே 3-2 என்று முடிந்தது. எனக்கு அவருடைய கோல்கள் எல்லாவற்றையும்விட அந்த ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடம்தான் பெரிது. அறிவு என்று நாம் சொல்கிறோமே, அதில் பாதி, தப்புச் செய்த பிறகும் பார்ப்பதை நிறுத்தாமல் இருப்பதுதானோ என்று அன்றைக்குத் தோன்றியது.

அப்புறம் இன்னும் ஒன்றரை வருடம் ஆடினார், பதினோராவது பட்டமும் வந்தது. கடைசி ஆட்டம் 2013 மே 19, வெஸ்ட் பிராம் மைதானம். அன்றைக்கு எல்லாக் கேமராவும் ஃபெர்குசன் மேல், அவருக்கும் அதுதான் கடைசி ஆட்டம். ஸ்கோர் 5-5, நம்புங்கள். அந்த அமளிக்கு நடுவில் ஸ்கோல்ஸ் மாற்று வீரராக உள்ளே வந்தார், யாரும் அவரைக் கவனிக்காமல் இருப்பது அவருக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நடுவர் கவனித்தார். ஒரு டேக்கிள், வழக்கம்போலத் தாமதம், வழக்கம்போல மஞ்சள் அட்டை.