போன் பதிவும் மின்னஞ்சலும் நீதிமன்றத்தில் செல்லுமா?

அடுத்த கேள்வி திருச்சியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. தெரிந்தவர் ஒருவருக்கு நான்கு லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். புரோநோட் எழுதி வாங்கவில்லை. "மார்ச்சுக்குள் தந்துவிடுகிறேன்" என்று அவர் போட்ட மின்னஞ்சல் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் பதிவு செய்த போன் பேச்சும் இருக்கிறது. இவை செல்லுமா, பதிவு செய்தது தவறாகிவிடுமா என்று கேட்கிறார்.

செல்லும் அம்மா, பயப்படாதீர்கள். பேசிய இருவரில் ஒருவரின் சம்மதத்தோடு பதிவான போன் பேச்சை, 1972-லேயே மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. உங்கள் பேச்சில் நீங்களே ஒரு தரப்பு. வேறு இருவர் பேசுவதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்வது வேறு விஷயம்; அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஒலிப்பதிவைப் பென்டிரைவில் போட்டு நீட்டினால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவு ஒரு சான்றிதழ் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொல்வோமே, அதேதான். இப்போது அது இரண்டு பகுதி. முதல் பகுதியில் போனை வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் ஒரு நிபுணர். கோப்பின் ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். அந்த எண் கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு நொடி ஒலியை வெட்டினாலும் மாறிவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருவர் என்னிடம் வந்தார். நாற்பது நிமிடப் பேச்சில் தனக்குச் சாதகமான இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் வைத்திருந்தார். முழுப் பதிவு இருந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுப் போன் வாங்கியிருந்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வியே, "மீதி முப்பத்தெட்டு நிமிடம் எங்கே?" என்பதுதான். உண்மை அவர் பக்கம் இருந்தது. பதில்தான் இல்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

அதனால் அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், பதிவின் பெயரைக்கூட மாற்றாதீர்கள். 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில், கருவியின் உரிமையாளரே சாட்சிக் கூண்டேறி, பதிவு இருக்கும் அந்த மூலக் கருவியையே தாக்கல் செய்தால் சான்றிதழ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் சான்றிதழையும் சேர்த்தே கொடுங்கள் என்பேன்.

மின்னஞ்சலுக்கும் இதே சான்றிதழ்தான். அச்செடுத்த பிறகும் இன்பாக்ஸிலிருந்து அழிக்காதீர்கள். அனுப்பியது இன்னார்தான் என்று நீதிமன்றம் தானாக அனுமானித்துக்கொள்ளாது, நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அவர் அதே முகவரியிலிருந்து முன்பு அனுப்பிய கடிதங்கள், நீங்கள் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் "அது நான் அனுப்பியதில்லை" என்று அவர் சொல்வது எடுபடாது. குரல் தன்னுடையது இல்லை என்றாலும் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பக் கோரலாம்.

கணவன் மனைவி வழக்குகளில் இதே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சகோதரி, பணம் கொடுத்த தேதியை நீங்கள் எழுதவில்லை. கைமாற்றுக் கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் காலக்கெடு. வங்கிப் புத்தகத்தை எடுத்து, அந்தத் தேதியை இன்றே பாருங்கள்.